தடுமாற இடம் வேண்டும்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "அப்பா எப்ப டாக்டர் நடப்பாரு?" கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி நாலைந்து படிகளைத் தாண்டிக் குதிக்கிறது. பிடிமானம் இல்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்கிறாரா? உட்கார்ந்தபடியே குனிந்து செருப்பை எடுக்க முடிகிறதா? எழுந்து நின்றால் உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறது? நின்றவாறே யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடிகிறதா? நடை பற்றிக் கேட்பதற்கு முன்னால் இவற்றுக்கெல்லாம் விடை வேண்டும்.

இங்கிலாந்தில் சாரா டைசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை எண்களில் காட்டியது. முதல்முறை பக்கவாதம் வந்து இரண்டு முதல் நான்கு வாரம் ஆன 75 பேரை அவர்கள் பரிசோதித்தார்கள். 83 சதவீதம் பேருக்குச் சமநிலைக் குறைபாடு இருந்தது. அந்தக் குறைபாடு உள்ளவர்களில் 27 சதவீதம் பேரால் உட்கார முடிந்தது, நிற்க முடியவில்லை. 40 சதவீதம் பேர் நின்றார்கள், ஆனால் காலடி எடுத்துவைக்க முடியவில்லை. மீதி 33 சதவீதம் பேர் நடந்தார்கள். அவர்களுக்கும் நிலை உறுதிப்படவில்லை. பக்கவாதம் என்ற ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தாளை நகலெடுத்துக் கொடுப்பதில் பொருளில்லை. உட்காரவே தடுமாறுகிறவருக்கு நடைப்பயிற்சி ஆபத்து. நன்றாக நடக்கத் தொடங்கிவிட்டவருக்கோ நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டும் பயிற்சியால் சமநிலை வளர்வதில்லை. ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து, அடுத்த படியில் காலை வைக்கச் செய்வதுதான் படிநிலைச் சமநிலைப் பயிற்சி.

சமநிலை என்பது காலின் பலம் மட்டுமல்ல. கண், உள்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் தொடு உணர்வு ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. தவிர, நடக்கப் போவதை அது முன்கூட்டியே கணிக்கவும் செய்கிறது. 1967இல் மாஸ்கோ விஞ்ஞானிகள் ஓர் அழகான விஷயத்தைப் பதிவு செய்தார்கள். நிற்கும் ஒருவர் கையை விசுக்கென்று முன்னால் உயர்த்தும்போது, கைத்தசை இயங்குவதற்கு முன்பாகவே காலின் தசைகள் இறுகிவிடுகின்றன. கை முன்னால் போனால் உடல் சாயும் என்பதை அறிந்து, சாய்வதற்கு முன்பே மூளை முட்டுக்கொடுக்கிறது. பக்கவாதத்தில் இந்த முன்னேற்பாடு தாமதமாகிறது, அல்லது பலவீனமாகிறது. படுக்கையில் படுத்தபடி காலை நன்றாகத் தூக்கிக் காட்டும் ஒருவர், எழுந்து நின்று அலமாரியிலிருந்து டம்ளரை எடுக்கப்போகும்போது சரிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சி தசைக்கு நல்லதுதான். நிற்கும் கலையை நின்றுதான் கற்க முடியும்.

சிலருக்கு இன்னும் விந்தையான சிக்கல் ஒன்று வரும். 'நேர்' என்பதே மூளைக்குள் இடம் மாறிவிடும். நேராக உட்காரவைத்தால், விழுந்துவிடுவோம் என்று பயந்து, நல்ல கையால் தங்களைத் தாங்களே வாதம் வந்த பக்கமாகத் தள்ளிக்கொள்வார்கள். ஜெர்மனியில் ஹான்ஸ்-ஓட்டோ கர்னாத்தின் குழு இவர்களை ஆராய்ந்தபோது, உடல் சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கும் நிலையையே அவர்கள் நேர் என்று உணர்வது தெரிந்தது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "நேரா உக்காருன்னா கேக்குறாரா பாரு" என்ற கோபம் அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதி. இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணால் பார்க்கும் நேர்க்கோடு பெரும்பாலும் சரியாகவே தெரியும் என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. அதனால் சிகிச்சையாளர்கள் அவர்களைக் கதவு நிலைக்கு எதிரே உட்காரவைத்து, அந்த மரச்சட்டத்தைப் பார்த்து உடலை அதற்கு இணையாகக் கொண்டுவரச் சொல்வார்கள். பின்னாலிருந்து பிடித்து நிமிர்த்தினால் அவர் இன்னும் வலுவாகத் தள்ளத்தான் செய்வார்.

உட்காரும் படியில் செய்ய வேண்டியது அநேகருக்கு நம்ப முடியாத அளவு எளியது. ஆஸ்திரேலியாவில் கேத்தரின் டீனும் ரொபர்ட்டா ஷெப்பர்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் பங்கேற்றார்கள். எல்லோரும் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆனவர்கள். ஒரு குழுவினர் இரண்டு வாரம், உட்கார்ந்தபடி, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்த பொருளை எட்டி எடுத்துப் பழகினார்கள். இன்னும் தூரம் எட்ட முடிந்தது; வேகம் கூடியது; அதைவிட முக்கியமாக, வாதம் வந்த காலின் மீது அவர்கள் எடையை ஊன்றத் தொடங்கினார்கள். 'எட்டாத தூரம்' என்பதே இதில் மருந்து. கைக்கு எட்டும் இடத்தில் டம்ளரை வைத்தால் கைதான் வேலை செய்யும். ஒரு சாண் தள்ளி வைத்தால் இடுப்பு நகரும், பாதம் தரையை அழுத்தும், உடல் சாய்ந்து மீள வேண்டியிருக்கும். முதலில் நேர் முன்னால், பிறகு நல்ல பக்கம், பிறகு வாதம் வந்த பக்கம், கடைசியில் தரையில். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். மெத்தை அமுங்கும் கட்டிலைவிட உறுதியான முக்காலியோ பெஞ்சோ நல்லது.

அடுத்தது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது. நம் வீடுகளில் அதிகத் தவறு நடக்கும் இடம் இது. மகன் முன்னால் நின்று, செயலற்ற கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவார். அந்தத் தோளில் மூட்டைப் பிடித்துவைக்கும் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன; இழுக்க இழுக்க மூட்டு நழுவும், மாதக்கணக்கில் வலி தங்கும். வேட்டியையோ புடவைக் கொசுவத்தையோ பற்றித் தூக்குவதும் கூடாது. அவிழ்ந்துவரும் துணி யாரையும் தாங்காது. இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, தேவைப்பட்டால் அதைப் பிடிக்கலாம்.

எழுபவர் செய்ய வேண்டியது: நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேலே வருமளவு முன்னால் குனிந்து, பிறகு எழுவது. முன்னால் குனியப் பயந்து, முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்து நாற்காலியிலேயே விழுவார்கள். இருக்கை உயரமாக இருந்தால் எழுவது எளிது. ஆகவே நாற்காலியில் மடித்த ஜமுக்காளங்களை அடுக்கி உயர்த்தித் தொடங்கலாம். உடல் தேறத் தேற ஒவ்வொன்றாக உருவிவிடலாம். இரண்டு பாதமும் சமமாக இருக்கும்போது நல்ல கால் முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும். வாதம் வந்த பாதத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்தால் அதுவும் உழைத்தாக வேண்டும். ஜமுக்காளம் உருவுவது, பாதத்தைப் பின்னால் தள்ளுவது என்ற இரண்டே மாற்றங்களை வைத்துக்கொண்டு தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பல வாரத்துக்கான பாடத்தை வகுத்துவிடுவார்.

நிற்கும் படியில் முன்னேற்றம் என்பது ஒவ்வோர் ஆதரவாக எடுத்துவிடுவது. சமையல் மேடையை முன்னால் வைத்து, பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டால் இடம் தயார். இரண்டு கைகளால் பிடித்து நிற்பவர் ஒரு கையால் நிற்கட்டும், பிறகு விரல்நுனியால். விரல்நுனி ஆதரவைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். ஜெகாவும் லாக்னரும் 1994இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், உடலைத் தாங்கவே முடியாத அளவு மெல்லிய விரல் தொடுகைகூட நிற்பவரின் ஆட்டத்தை வெகுவாகக் குறைத்தது. விரல் அங்கே தாங்கவில்லை. உடல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்கிறது. எனவே கைப்பிடிக்கும் கைவிடுதலுக்கும் இடையே அது உண்மையான ஒரு படி. அதன் பிறகு பாதங்களுக்கு இடையிலான அகலம் குறையட்டும்: தோள் அகலம், சேர்த்து வைத்த பாதங்கள், ஒரு பாதம் பாதி முன்னால், ஒன்றின் குதிகாலைத் தொட்டபடி மற்றதன் விரல்கள். பிறகு கழுத்தைத் திருப்புவது. பிறகு கண்ணை மூடுவது. பிறகு தடித்த பாய் போன்ற மெத்தென்ற தரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்க வேண்டும். பாதத்தைச் சேர்த்த அன்றே கண்ணையும் மூடச் சொல்வது பயமுறுத்தல், பயிற்சி அல்ல.

கண்ணை மூடுவது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பாதத்தின் உணர்வு மங்குவதால் மூளை கண்ணையே அளவுக்கு மீறி நம்பத் தொடங்குகிறது. அப்படி நம்பியவர், இரவில் மின்சாரம் போனதும் நின்ற இடத்திலேயே தள்ளாடுவார். பிரான்ஸில் இசபெல் போனான் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையை மறைத்துச் செய்த சமநிலைப் பயிற்சி, கண் திறந்து செய்த அதே பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்தது. பக்கவாதம் வந்து ஓராண்டு கடந்தவர்களிடம் கிடைத்த பலன் அது. "ஆறு மாசத்துல வர்றதுதான் வரும், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல" என்று கைகழுவப்பட்டவர்கள் இந்த ஒரு செய்தியையாவது கேட்க வேண்டும்.

இந்தப் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தத்துவம் இருக்கிறது: கொஞ்சம் தடுமாறினால்தான் மூளைக்குக் கற்க ஏதாவது கிடைக்கும். சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் கடைசிவரை சீட்டைவிட்டுக் கையை எடுக்கவில்லை என்றால், பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய சாய்வு வரவே வராது. வீட்டார் பாசத்தோடு இறுக்கிப் பிடித்திருக்கும் கையும் அப்படித்தான். உதவுபவர் நிற்க வேண்டிய இடம் வாதம் வந்த பக்கத்தில், ஓரடி பின்னால். கை உடலுக்கு அருகே, ஆனால் தொடாமல். அவர் ஆடும்போது ஒரு கணம் பொறுக்க வேண்டும், அவரே மீள்கிறாரா என்று. மீளாவிட்டால் பிடிக்க வேண்டும். இந்த ஒரு கணத்தைப் பொறுத்துக்கொள்வது நோயாளியைவிட மனைவிக்கும் மகளுக்கும்தான் கடினம். அவர்களுக்கும் பயிற்சி தேவை என்பதை மருத்துவமனைகள் போதிய அளவு சொல்வதில்லை.

படிநிலை என்ற எண்ணத்தின் எல்லையைக் காட்டும் கதை ஒன்று உண்டு. 1950களின் இறுதியில், நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த பெத்ரோ பாக்-இ-ரீட்டா என்ற கத்தலான் அறிஞருக்கு 65 வயதளவில் கடும் பக்கவாதம் வந்தது. உடலின் ஒரு பக்கமும் பேச்சும் போயின. அவர் மகன் ஜார்ஜ் மெக்சிகோவில் மருத்துவ மாணவர். மறுவாழ்வுப் பயிற்சி பற்றி எதுவும் அறியாதவர். அறியாததே நல்லதாயிற்று. குழந்தை எப்படி நடக்கக் கற்கிறதோ அப்படியே தொடங்குவோம் என்று அவர் தந்தையைத் தரையில் இறக்கி, சுவரில் சாய்ந்தபடி தவழச் செய்தார். வீட்டுக்கு வெளியே பேராசிரியர் தவழ்வதைக் கண்ட அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். தவழ்தலிலிருந்து முழங்காலில் நகர்தல், அதிலிருந்து நிற்றல், பிறகு நடை என்று மாதங்கள் நகர்ந்தன. பெத்ரோ மீண்டும் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். பல ஆண்டுகள் கழித்து, கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், பக்கவாதம் மூளைத்தண்டில் ஏற்படுத்திய பெரும் சிதைவு ஆறாமல் அப்படியே இருப்பது தெரிந்தது. மீதமிருந்த சிறுபகுதியை வைத்துக்கொண்டே அந்த மனிதர் மலையேறியிருக்கிறார். இன்னொரு மகனான பால் பாக்-இ-ரீட்டா, மூளை தன்னைத்தானே மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றலை ஆராய்ந்து புகழ்பெற்றதற்கு அந்தப் பரிசோதனை முக்கியக் காரணம். எல்லோருக்கும் இந்த விளைவு கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வயதானவரைத் தரையில் இறக்குவது அவமானம் என்று அந்த மகன் நினைத்திருந்தால் பெத்ரோவுக்கும் கிடைத்திருக்காது.

திரும்பத் திரும்பச் செய்வது அவசியம். ஒரே மாதிரி செய்வது அவசியமில்லை. 1920களில் மாஸ்கோவின் உழைப்புக்கான மத்திய நிறுவனத்தில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்தார். அடி ஒவ்வொரு முறையும் உளியின் தலையில் சரியாக விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன பாதை ஒவ்வோர் அடியிலும் வேறாக இருந்தது. திறமை என்பது ஓர் அசைவை மனப்பாடம் செய்வதல்ல, ஒரு சிக்கலைப் புதிது புதிதாகத் தீர்ப்பது என்று அவர் கண்டார். பிசியோதெரபி அறையில் இணைகம்பிகளுக்கு நடுவே அருமையாக நடப்பவர் வீட்டு வாசற்படியில் திணறுவதற்குக் காரணம் இதுதான். இன்று வலப்பக்கம் திரும்பினால் நாளை இடப்பக்கம். இன்று காலியான கூடம், நாளை நாற்காலிகளைச் சுற்றி. இன்று சிமெண்டுத் தரை, நாளை மண் முற்றம்.

வேகமும் ஒரு பாடம். கனடாவின் வான்கூவரில் டேனியல் மாரிகோல்டும் ஜானிஸ் எங்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்து நாளான 61 முதியவர்கள் வாரம் மூன்று முறை, பத்து வாரம் பயின்றார்கள். ஒரு குழு நிதானமாக எடையை மாற்றுவதும் தசைகளை நீட்டுவதும் செய்தது. மற்றக் குழு வேகமாகக் காலடி வைப்பது, தடைகளைத் தாண்டுவது, பல திசைகளில் நடப்பது என்று சுறுசுறுப்பான பயிற்சி செய்தது. இரு குழுக்களும் தேறின. ஆனால் வேகமாகக் காலெடுத்து வைப்பதிலும், காலுக்கடியிலிருந்த மேடையைத் திடீரென்று நகர்த்திச் சோதித்தபோது விழாமல் தப்பியதிலும் சுறுசுறுப்புக் குழு முந்தியது. கால் இடறும்போது ஒருவரைக் காப்பாற்றுவது அரை நொடிக்குள் முன்னால் வந்து விழும் பாதம். அது மெதுவான பயிற்சியில் மட்டும் வராது.

கவனமும் சமநிலையின் பகுதி. ஸ்வீடனின் உமியா நகரில் லுண்டின்-ஒல்சன் என்பவர் தலைமையில் நடந்த ஓர் எளிய ஆய்வு 1997இல் வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் முடியவில்லை என்றால் நடை இன்னும் இயல்பாகவில்லை என்று பொருள். ஆகவே நடை ஓரளவு தேறியதும், நடந்தபடியே பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வது, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே போவது, தட்டில் டம்ளரை ஏந்திப் போவது ஆகியவை பாடத்தில் சேரும். அதுவரை, நடக்கும்போது அவரை யாரும் பேச்சுக்கு இழுக்காமல் இருப்பது நல்லது.

எந்தப் படியில் இருக்கிறார் என்று அளக்க உலகம் முழுவதும் பயன்படும் கருவி, கனடாவின் கேத்தரின் பெர்க் 1989இல் வகுத்த அளவுகோல். எழுவது, உட்கார்வது, கண் மூடி நிற்பது, தரையிலிருந்து செருப்பை எடுப்பது, முழுச் சுற்று திரும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது என 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண் வரை, மொத்தம் 56. சிகிச்சையாளரிடம் மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். ஆனால் எண்ணைவிட, எந்தச் செயலில் மதிப்பெண் போனது என்பதே அடுத்த மாதப் பாடத்தைச் சொல்லும்.

எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது? ஆர்வக்கோளாறு இங்கே தீங்கு செய்யும். ஜூலி பெர்ன்ஹார்ட் தலைமையில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்கள், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே தேறினார்கள். நீண்ட நேரப் பயிற்சியைவிட, சிறிது சிறிதாகப் பல முறை எழுந்திருப்பதே நல்லது என்று அதைத் தொடர்ந்த பகுப்பாய்வு காட்டியது. முதல் நாட்களில் மருத்துவரின் சொல்லே எல்லை. பிறகும் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கண் இருட்டல், புதிதாக ஒரு பலவீனம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் நிறுத்த வேண்டும்.

இந்தியாவிலேயே நடந்த பெரிய ஆய்வும் ஒன்று உண்டு. லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்டது. குடும்பத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து அவர் மூலம் வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி அளித்தால் பலன் கூடுமா என்பது கேள்வி. ஆறு மாதத்தில் இறப்பிலும் பிறரைச் சார்ந்திருப்பதிலும் வேறுபாடு தெரியவில்லை. குடும்பம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. சில மணி நேரம் கற்றுக்கொடுத்துவிட்டு முழுப் பொறுப்பையும் மனைவியின் தலையில் வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. படியை மாற்றிக்கொண்டே இருக்கத் தெரிந்த கண் ஒன்று அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் இருக்கிறது. வருகிறவரிடம் "என்ன பயிற்சி?" என்பதோடு, "போன வாரத்தைவிட இந்த வாரம் எதைக் கடினமாக்கணும்?" என்றும் கேட்பது குடும்பத்தின் உரிமை.

கடைசிப் படியைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை: விழுந்தால் எழுவது. பக்கவாதம் வந்தவர்கள் பெரும்பாலும் வாதம் வந்த பக்கமாகவே விழுகிறார்கள். பயன்படாத அந்தப் பக்கத்தின் எலும்பும் தேய்ந்திருக்கிறது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, ஈரமில்லாத தரை, பின்பட்டை உள்ள செருப்பு, இரவில் ஒரு சின்ன விளக்கு எல்லாம் வேண்டும். அவ்வளவும் இருந்தும் விழக்கூடும். அதனால் நன்றாகத் தேறியவர்களுக்கு, சிகிச்சையாளர் முன்னிலையில், பாய் விரித்த தரையில் இறங்கி ஏறக் கற்றுக்கொடுக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டும் கோலம் போட்டும் பழகிய நம் மக்களுக்கு இந்த அசைவுகள் அந்நியமல்ல. நல்ல பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி எழுந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, முழங்காலுக்கு வந்து, அசையாத நாற்காலியின் இருக்கையில் நல்ல கையை வைத்து, நல்ல காலை முன்னால் ஊன்றி எழுவது. இது தெரிந்தவருக்கு விழும் பயம் குறையும். பயம் குறைந்தவர் அதிகம் நடப்பார். உண்மையில் விழுந்துவிட்டால் உடனே யாரும் பாய்ந்து தூக்க வேண்டாம். தலையில் அடிபட்டதா, இடுப்பில் வலி இருக்கிறதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்று முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் அசைக்காமல் 108க்குத் தகவல் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நாற்காலியை அருகே கொண்டுவந்து வைத்துவிட்டு, கற்ற முறைப்படி அவரே எழும்வரை பக்கத்தில் இருக்கலாம்.